பெண்ணுக்கு நீச்சல் தெரியுமா?

திருநாவலூரில் கடல் இல்லை. சுந்தரர் பிறந்த ஊர். கோவில் உண்டு, வயல் உண்டு, கெடிலம் ஆறு உண்டு. ஆனால் விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் "கடல் பார்க்கணும்" என்று அடம் பிடிக்கிறார்கள். பண்ருட்டி வழியாகப் போனால் கடலூர். அங்கே தேவனாம்பட்டினம் கடற்கரை. "சில்வர் பீச்" என்பார்கள். நல்ல மணல். புளிசாதம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போகலாம். நம் கெடிலமும் அந்தப் பக்கம்தான் கடலில் கலக்கிறது.

தாராளமாகப் போங்கள். ஆனால் ஒரு கேள்வி. அலையில் இறங்கும் உங்கள் மகளுக்கு நீச்சல் தெரியுமா?

பையனுக்குத் தெரிந்திருக்கும். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் கற்றிருப்பான். பெண்ணை யார் கிணற்றில் இறக்கினார்கள்? "பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு?" என்று கேட்டே வளர்த்துவிட்டோம்!

எதற்கு என்று கெடிலம் சொல்லும். 2022 ஜூன் 5-ந்தேதி, நெல்லிக்குப்பம் அருகே குச்சிப்பாளையத்தில், தடுப்பணை பக்கம் ஆற்றில் குளிக்கப் போன 7 பேர் மூழ்கி இறந்தார்கள். ஏழு பேரும் பெண்கள், சிறுமிகள்.

ஆற்றிலேயே இப்படி என்றால் கடலில்?

கல்லைக் கட்டிக் கடலில் போட்டும் அப்பர் மிதந்து வந்து கடலூர்ப் பக்கம் கரையேறினார் என்பது வரலாறு. அது அப்பருக்கு! நமக்குக் கடலின் குணம் தெரிய வேண்டும்.

அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? அது சில இடங்களில் ஒன்றுசேர்ந்து, வாய்க்கால் போல உள்ளே பாயும். அந்த இடத்தில் அலை உடையாது. பார்த்தால் அமைதியாக இருக்கும். "இங்கே அலை இல்லை, இறங்கு" என்று குழந்தையை அங்கேதான் இறக்குகிறோம்! அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கை கால் ஓய்ந்துவிடும். மிதந்தபடி கையை ஆட்டிக் கூப்பிட வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரலாம். ஆறு கடலில் சேரும் முகத்தில் இறங்கவே வேண்டாம். புடவையோடும் இறங்க வேண்டாம். நனைந்த புடவை காலைச் சுற்றும். படகில் ஏறினால் மிதவைச் சட்டை இல்லாமல் உட்காராதீர்கள். படகுக்காரர் "பக்கம்தானே" என்பார். கேட்காதீர்கள்.

"குளிக்கக் கூடாது" என்று பலகை வைத்தால் மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. பலகைக்குப் பக்கத்திலேயே ஜனங்கள் குளிக்கிறார்கள்! ஆஸ்திரேலியாவில் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளை நட்டு, நடுவில் மட்டும் குளிக்கச் சொல்கிறார்கள். காவலர் பார்த்துக்கொண்டே இருப்பார். நம் கோவளம் கடற்கரையும் புதுச்சேரி ஈடன் கடற்கரையும் 2021-ல் "நீலக்கொடி" சான்று பெற்றன. தண்ணீர் சுத்தம், உயிர்காக்கும் காவலர் என்று 33 நிபந்தனைகள் அதற்கு உண்டு. அங்கே முடிந்தது மற்றக் கடற்கரைகளில் முடியாதா?

காவலர் வரட்டும். அதுவரை மகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பஞ்சாயத்தும் பள்ளிக்கூடமும் சேர்ந்து, பெண் ஆசிரியர் ஒருவரை வைத்து, கோடை விடுமுறையில் கற்றுக்கொடுக்கலாம். சுடிதார் போட்டுக்கொண்டே கற்கலாம். வெட்கம் என்றால் அம்மாவும் கூடவே இறங்கட்டும். நாற்பது வயதிலும் நீச்சல் வரும்.