நோட்டு மாற்றுவதற்கும் பட்டம் உண்டு

விதைப்புக்குப் பட்டம் பார்ப்பதைப் போல ரூபாய் நோட்டை மாற்றுவதற்கும் அரசாங்கம் பட்டம் பார்க்க வேண்டும். 2016-ம் ஆண்டு அப்படிப் பார்க்கப்படவில்லை. அதன் கஷ்டத்தை முதலில் அனுபவித்தவர்கள் சிறு விவசாயிகளே.

அந்த ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. செப்டம்பர் 20-ல்தான் தண்ணீர் விடப்பட்டது. எனவே டெல்டாவில் சம்பா பிந்திற்று. ஐப்பசி பிற்பகுதியில் சிலர் நடவில் இருந்தார்கள். நேரடி விதைப்புச் செய்தவர்கள் களையெடுப்பிலும் மேலுரத்திலும் இருந்தார்கள். மானாவாரிக் கரிசலில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். சாகுபடிச் செலவில் கை ரொக்கம் அதிகம் தேவைப்படுவது இந்த நாட்களில்தான். சரியாக ஐப்பசி 23-ந் தேதி, அதாவது நவம்பர் 8-ந் தேதி இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். நாட்டில் புழங்கிய நோட்டுகளின் மதிப்பில் 86 சதவீதம் இந்த இரண்டு நோட்டுகளே.

கறுப்புப் பணத்தையும் கள்ள நோட்டையும் ஒழிப்பது நோக்கம் என்று சொல்லப்பட்டது. அதை யாரும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் செல்லாதென அறிவித்த 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்கே திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018-ல் கணக்குக் காட்டியது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகளில் நால்வரின் தீர்ப்பால், நடவடிக்கை சட்டப்படி செல்லும் என்று சொல்லிவிட்டது. சட்டத்துக்குப் பொருந்தியது சரி. வயலுக்குப் பொருந்தியதா என்பதே விவசாயியின் கேள்வி.

வங்கிக் கிளை இருக்கும் ஊருக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும். ஒரு நாள் வேலை கெடும். வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனால் ஒருவருக்கு 4,000 ரூபாய்தான் மாற்றித் தருவார்கள். பிறகு அது 4,500 ஆகி, நவம்பர் 18 முதல் 2,000 ஆகக் குறைந்தது. 24-ந் தேதியோடு கையில் மாற்றித் தருவதும் நின்றது. கிடைத்ததும் பெரும்பாலும் புதிய 2,000 ரூபாய் நோட்டு. பத்துப் பெண்கள் களையெடுத்துவிட்டுக் கரையேறும்போது ஒரே நோட்டைக் காட்டி என்ன செய்வது? சில்லறைக்கு எங்கே போவது? பெரிய நோட்டை ஒழிப்பதற்காக அதைவிடப் பெரிய நோட்டை அச்சிட்ட விந்தையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. 100 ரூபாய் நோட்டை முன்கூட்டியே கிராமக் கிளைகளில் குவித்து வைத்திருந்தால் பாதிச் சங்கடம் தீர்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய தவறு கூட்டுறவு விஷயத்தில் நேர்ந்தது. தமிழ்நாட்டில் 4,000-க்கு மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கங்கள் இருக்கின்றன. சிறு விவசாயிக்குப் பயிர்க்கடன், உரம், நகைக்கடன் எல்லாம் அங்கேதான். இந்தச் சங்கங்களுக்குப் பணம் வருவது மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலிருந்து. அந்த வங்கிகள் நான்கு நாள் பழைய நோட்டை வாங்கின. நவம்பர் 14-ந் தேதி, இனி வாங்கக் கூடாது, மாற்றவும் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கறுப்புப் பணம் அந்த வழியாக நுழைந்துவிடும் என்பது பயம். நுழைந்திருக்கலாம், தப்பு செய்கிறவர் எங்கும் உண்டு. ஆனால் வணிக வங்கிகளில் தப்பு நடந்தபோது ஆளைப் பிடித்தார்கள், கிளைகளை மூடவில்லை. கூட்டுறவில் மட்டும் கதவையே சாத்திவிட்டார்கள்.

இதன் பலன் என்ன? பயிர்க்கடனைக் குறித்த நாளில் கட்டினால் வட்டி இல்லை என்பது நம் மாநிலத்தில் உள்ள சலுகை. தவணை வந்துவிட்டது, கையில் பணமும் இருக்கிறது, கட்டத்தான் முடியவில்லை. தவணையை 60 நாள் நீட்டித்துப் பிற்பாடு உத்தரவு வந்தது. ஆனால் பழைய கடனை அடைத்தால்தானே புதுக் கடன்? நடவு நிற்கும்போது அறுபது நாள் யார் காத்திருப்பது? வட்டிக்குக் கொடுப்பவர் வீட்டு வாசலுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்த நான்கு நாட்களில் மத்தியக் கூட்டுறவு வங்கிகள் வாங்கி வைத்த பழைய நோட்டை ரிசர்வ் வங்கியில் செலுத்த 2017 ஜூனில்தான் அனுமதி கிடைத்தது. ஏழு மாதம் அது பெட்டியில் கிடந்தது.

நவம்பர் 21-ல் ஒரு சலுகை வந்தது. அரசு விதைக் கழகங்களிலும் வேளாண் பல்கலைக்கழகங்களிலும் பழைய 500 ரூபாய் நோட்டைக் கொடுத்து விதை வாங்கலாம் என்றார்கள். கோதுமை விதைக்கும் பஞ்சாப், ஹரியானா விவசாயிக்கு அது உதவியிருக்கும். நாற்றைப் பறித்து நட்டுவிட்ட தஞ்சாவூர் விவசாயிக்கு அப்போது வேண்டியது விதை அல்ல, யூரியாவும் கூலியும். டில்லியில் ஒரே பட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இப்படித்தான் முடியும்.

வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுப் பணத்தையும் சொல்ல வேண்டும். பால் விற்றும் கோழி விற்றும் அரிசிப் பானையில் மறைத்து வைத்திருந்த நோட்டு, டிசம்பர் 30-க்குள் வெளியே வந்தாக வேண்டியிருந்தது. வந்த பணம் பலருக்குத் தங்கள் கையில் திரும்பச் சேரவில்லை. வீட்டுச் செலவில் கரைந்தது.

அந்த ஆண்டு சம்பா கருகியதற்கு நோட்டு காரணம் என்று சொல்வது நியாயமாகாது. வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது, அதுவே காரணம். மழையும் இல்லை, கை ரொக்கமும் இல்லை என்று இரண்டும் ஒரே மாதத்தில் சேர்ந்துகொண்டன என்பதே உண்மை.

நோட்டை மாற்றவே கூடாது என்பதல்ல. 1978 ஜனவரியில் 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதாக்கியபோது கிராமத்தில் யாரும் அதிரவில்லை, ஏனெனில் அந்த நோட்டைக் கண்ணால் கண்ட விவசாயி அரிது. 2005-க்கு முன் அச்சான, பின்பக்கம் ஆண்டு குறிக்காத நோட்டுகளைத் திரும்பப் பெறுவதாக 2014 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. நோட்டு செல்லும், ஆனால் வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றது. கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு 2016 ஜூன் வரை போயிற்று. அப்படி ஒன்று நடந்ததே பலருக்குத் தெரியாது. 2023 மே 19-ல் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெற்றபோதும் நான்கு மாதத்துக்கு மேல் அவகாசம் தந்தார்கள், நோட்டும் செல்லாததாகவில்லை. தாமதமாகக் கற்றாலும் பாடம் கற்றிருக்கிறார்கள்.

அந்தப் பாடத்தில் கூட்டுறவுப் பக்கம் இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது. இனி எப்போது நோட்டு மாற்றினாலும் மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் மற்ற வங்கிகளைப் போலவே நோட்டை வாங்கும் என்பதையும், பயிர்க்கடன் தவணைக்குப் பழைய நோட்டைச் சங்கங்கள் ஒரு போகம் முடியும்வரை ஏற்கும் என்பதையும் ரிசர்வ் வங்கி இப்போதே விதியாக்கி வைக்க வேண்டும். கறுப்புப் பணம் நுழையும் என்று பயந்தால், உறுப்பினரின் கடன் பாக்கி எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் வாங்கட்டும். அந்தக் கணக்கு ஒவ்வொரு சங்கத்தின் பேரேட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது.