எழுதுகிறவர் வயிறும் சரஸ்வதி கடாட்சமும்

சரஸ்வதி இருக்கும் வீட்டில் லட்சுமி இருக்கமாட்டாள் என்று நம் நாட்டில் ஒரு வசனம் உண்டு. சினிமாவுக்குக் கதை, வசனம் எழுதுகிறவர் பேசிய கூலியைக் கேட்டால் இந்த வசனத்தைத்தான் எடுத்து வீசுகிறார்கள். விளக்குக்கு வாடகை, காமிராவுக்கு வாடகை, குதிரைக்குக் கொள்ளு எல்லாவற்றுக்கும் ரொக்கம். எழுத்துக்கு மாத்திரம் கடாட்சமா என்று கேட்கிறோம். உழுகிறவனைப் பார்த்து, "உன் தலைவிதி" என்று சொல்லி அரைவயிற்றுக் கூலி கொடுத்த புரட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சரஸ்வதியின் பெயரையே கேட்டறியாத அமெரிக்காவின் சங்கதியைப் பாருங்கள். அங்கே டெலிவிஷன் தொடரை மறுபடி காட்டுந்தோறும் எழுதியவருக்கு ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. இண்டர்நெட் வழியாகப் படம் அனுப்பும் கம்பெனிகள் வந்தன. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கையே அவை பூட்டி வைத்துக்கொண்டன. தொடரின் பகுதிகள் குறைந்தன, வேலை வாரங்களும் குறைந்தன. இதற்கு மேல், மனிதனுக்குப் பதில் எழுதுவதற்குச் செயற்கை அறிவு யந்திரமும் வந்தது. இதற்கு வரம்பு கட்டுங்கள் என்று எழுத்தாளர் சங்கம் கேட்டதற்கு முதலாளிகள் சொன்ன பதில் என்ன தெரியுமா? வருஷத்துக்கு ஒரு தடவை கூடி, தொழில் நுட்ப வளர்ச்சியைப் பற்றிப் பேசலாமாம்! திவசம் கொடுப்பதுபோல.

அவர்கள் யாகம் வளர்க்கவில்லை, நேர்ந்துகொள்ளவில்லை. 2023 மே 2-ந் தேதி சுமார் 11,500 பேர் பேனாவைக் கீழே வைத்தார்கள். ஜூலையில் நடிகர் சங்கமும் வேலையை நிறுத்திற்று. இரண்டு சங்கமும் ஒரே காலத்தில் நின்றது 1960-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 148 நாள் கழித்து முதலாளிகள் இறங்கி வந்தார்கள். யந்திரம் எழுதியதை எழுத்தாளரின் மூல எழுத்தாகக் கணக்கிட்டு அவர் கூலியைக் குறைக்கக்கூடாது; ஏராளமானவர் பார்த்த படைப்புக்கு அதிகப்படித் தொகை; பார்த்த நேரக் கணக்கைச் சங்கத்துக்குக் காட்டவேண்டும் என்றெல்லாம் ஒப்பந்தமாயிற்று. நாம் யந்திரத்துக்கு விரோதிகளல்ல. யந்திரத்தால் வரும் லாபம் முழுவதும் ஒருவன் பெட்டிக்கே போவதற்குத்தான் விரோதிகள்.

நம் நாட்டில் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தில் சேர்ந்த எழுத்தையும் இசையையும் ஆக்கியோர், கொட்டகையில் படம் காட்டுவது நீங்கலாக மற்ற வழிகளில் வரும் உரிமைத்தொகையில் சம பங்கு பெறலாம். அந்தப் பாத்தியதையை அவர்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. பெரிய பாட்டுக்காரர்கள் கேட்டு வாங்குகிறார்கள். வசனம் எழுதும் ஏழைத் தோழரோ, படத்துக்குப் பூஜை போடுகிற அன்று கற்பூரப் புகையில் நின்று, ராகுகாலம் வருவதற்குள் கையெழுத்துப் போடச் சொல்லுகிறார்களே என்று, நீட்டிய காகிதத்தைப் படித்தும் பாராமல் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறார்.