மந்தம் வந்தால் முதலில் பறிபோவது நம் லீவு

பங்குனி பிறந்துவிட்டால் கட்கி, தாபோடி, ராஸ்தா பேட்டை எங்கும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: "இந்த வருஷம் ஊருக்கு எப்போ?" ஆலை நன்றாக ஓடும் வருஷத்தில் இதற்குப் பதிலாக ஒரு தேதி கிடைக்கும். மந்தம் வந்த வருஷத்தில் வீட்டுக்காரர் பேச்சை மாற்றுவார்.

ஏன்? கையில் காசு இல்லை என்பது பாதிக் காரணமே. மீதிப் பாதி, லீவே இல்லை என்பது.

2019 ஆகஸ்டில் வாகன விற்பனை சரிந்தபோது பிம்ப்ரி, சாக்கண் வட்டாரத்தில் 'பிளாக் குளோஷர்' என்ற சொல் எல்லோர் வாயிலும் புழங்கியது. ஆலையைச் சில நாள் மூடுவார்கள். மூடிய நாட்களில் ஒரு பகுதியைத் தொழிலாளியின் லீவுக் கணக்கில் கழித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சரக்கு விற்காதது முதலாளியின் கணக்கு. கழிவதோ நம் லீவு!

லே-ஆஃப் என்றால் இன்னொரு கத்தரி. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தபடி 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் லீவு. லே-ஆஃப் நாளை வேலை நாளாக எண்ணுவார்கள். ஆனால் அந்த நாளுக்கு லீவு சேராது. ஈட்டுத்தொகையோ அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி. காண்ட்ராக்ட் தொழிலாளிக்குப் பெரும்பாலும் அந்தப் பாதியும் கிடைப்பதில்லை. "நாளை வராதே" என்ற ஒரு வார்த்தைதான்.

ஆனால் மந்தம் என்றதும் பத்திரிகைகளில் முதலில் வருவது விமானக் கம்பெனிகளின் நஷ்டக் கணக்கு. அதிலும் நமக்குப் பாடம் உண்டு. 2003-இல் ஏர் டெக்கான் மலிவு விமானத்தைத் தொடங்கியபோது, இனி ஏழையும் பறப்பான் என்றார்கள். கம்ப்யூட்டர் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் சிலர், தாய் தகப்பனை லோகேகாவிலிருந்து விமானம் ஏற்றி அனுப்பவும் செய்தார்கள். நமக்கும் பெருமைதான்.

2008-இல் உலக மந்தம் வந்தது. அந்த அக்டோபரில் ஜெட் ஏர்வேஸ் சுமார் 1,900 பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் சீருடையோடு தெருவில் இறங்கினார்கள். சில நாட்களிலேயே வேலை திரும்பக் கிடைத்தது. 2012-இல் கிங்ஃபிஷர் நின்றபோது ஊழியருக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. 2019 ஏப்ரல் 17-இல் ஜெட் ஏர்வேஸே நின்றது. 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் நின்றது. கடைசி இரண்டும் சரியாகக் கோடை விடுமுறையில்! ஒரு கம்பெனி விழுந்தால் மிஞ்சிய கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றுகின்றன. மந்தத்தில் டிக்கெட் மலியும் என்பது பாதி உண்மைதான். விமானங்கள் குறைந்தால் அதே டிக்கெட் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

கட்டணத்தை அரசு கட்டுப்படுத்த முடியாது என்று சொல்கிறார்கள். 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை கட்டுப்படுத்தியது யார்? அதே அரசுதானே! குறைந்தபட்சக் கட்டணம், அதிகபட்சக் கட்டணம் இரண்டையும் நிர்ணயித்தது. மனமிருந்தால் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

விமானம் நமக்கு ஏன் என்று கேட்கலாம். மேலே நெருக்கினால் கீழே பிதுங்கும். விமானத்தை விட்டவர் ரயிலின் ஏசிப் பெட்டிக்கு வருகிறார். ஏசிக்காரர் ஸ்லீப்பருக்கு வருகிறார். ஸ்லீப்பரில் இடம் கிடைக்காத நம் குடும்பம், குழந்தை குட்டியோடு பொதுப்பெட்டியின் கதவோரம் உட்கார்ந்து நாகர்கோவில் வரை போகிறது. ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணம் அது. கவுண்டருக்கு உள்ளே இருக்கும் நமக்கும், வெளியே வரிசையில் நிற்கும் நமக்கும் இது தெரிந்த கதை.

போதாக்குறைக்கு 2020 மார்ச்சில் முதியோர் கட்டணச் சலுகையை நிறுத்தினார்கள். 60 வயது ஆணுக்கு 40 சதவீதமும், 58 வயதுப் பெண்ணுக்கு 50 சதவீதமும் கிடைத்துவந்தது. நோய் போயிற்று, ரயில்கள் திரும்பின. ஐந்து ஆண்டு கடந்தும் சலுகை திரும்பவில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வரும் ஆச்சி முழுக் கட்டணம் கட்டுகிறாள்.

"வயிற்றுக்கே இழுபறி, இதில் ஊர்ப்பயணம் கேடா?" என்று நம்மவரே சிலர் கேட்கிறார்கள். உல்லாசப் பயணமா நாம் கேட்கிறோம்? அப்பாவின் கண் ஆபரேஷன், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்ப்பது, பங்காளியோடு தீராத பட்டா விவகாரம், குலதெய்வத்துக்கு வைத்த பொங்கல் எல்லாம் அந்தப் பத்து நாளில்தான் நடக்கின்றன. இங்கே மராத்தி மீடியத்தில் படிக்கும் நம் பிள்ளை, பாட்டியோடு தமிழ் பேசிப் பழகுவதும் அந்தப் பத்து நாளில்தான். அதை வெட்டினால் ஊரோடு உள்ள தொடர்பே அறுந்துபோகும்.

இது தமிழன் பிரச்சினை மட்டுமல்ல. பக்கத்து மெஷினில் நிற்கும் சாத்தாரா, பீட் மாவட்டத் தோழருக்கும் கணபதிக்கு ஊர் போக அதே லீவுதான் வேண்டும். அவரையும் சேர்த்துக்கொண்டே கேட்போம்:

ஆலையை நிர்வாகம் மூடினால் அந்த நாட்களை நம் லீவில் கழிக்காதே! கோடைச் சிறப்பு ரயில்களைச் சாதாரணக் கட்டணத்தில் ஓட்டு. இரண்டாம் வகுப்புப் பெட்டிகளைக் கூட்டு! முதியோர் சலுகையைத் திருப்பிக் கொடு! விடுமுறை மாதங்களில் விமானக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வை!

யூனியன் கூட்டத்தில் போனஸுக்கு அடுத்த வரியாக இந்த லீவுக் கோரிக்கையை எழுதச் சொல்லுங்கள். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர், எந்த வாரம், எந்த ஊருக்கு என்ற பட்டியலைத் தை மாதத்திலேயே சங்கத்தில் கொடுங்கள். சிறப்பு ரயில் கேட்டுப் போகும்போது வெறும் மனுவாக இல்லாமல் ஆள் கணக்கோடு போவோம். 2008-இல் தெருவில் இறங்கியவர்களுக்குத்தான் வேலை திரும்பியது. நம் லீவும் கேட்டால்தான் திரும்பும்.