நட்சத்திர ஆமைக்கு வீட்டுக்காவல் எதற்கு?

அமெரிக்காவில் பாலைவனப் பெட்டி ஆமையை வீட்டிலேயே வளர்த்துப் பெருக்குகிறார்களாம். திருவண்ணாமலையில் நட்சத்திர ஆமை வளர்த்தால் மட்டும் குற்றமா என்கிறார் நண்பர். குற்றம்தான். 2022 திருத்தத்துக்குப் பின் அது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பன்னாட்டு வணிகத்துக்கு 2019இலேயே தடை வந்தாயிற்று.

வளர்த்தால் இனம் பெருகுமாம். சரி, முதல் ஜோடி எங்கிருந்து வரும்? வறண்ட புதர்க்காட்டிலிருந்துதான். வீட்டில் பொரித்ததா, காட்டில் பிடித்ததா என்று ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடத்தல்காரனுக்கு இதைவிட வசதி வேண்டுமா? இன்னொன்று, குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை புதைந்த மண்ணின் சூடே தீர்மானிக்கிறது. மொட்டைமாடித் தொட்டியில் அதை யார் அளப்பது? வளர்ந்ததைக் காட்டில் விட்டாலோ நோயும் கூடவே போகும். (செல்வம் கொழிக்கும் என்று வாங்கி வைப்பவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை.)

ஆமை பார்க்கும் ஆசைதான் என்றால், 1976இல் தொடங்கிய, ஆமைகளும் உள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு ஒரு டிக்கெட் எடுக்கட்டும்.