அதுக்காக?

(இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன், பிள்ளையார்பட்டி)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது "நதிநீர் இணைப்பு எழுதுடா, அப்துல் கலாம் எழுதுடா" என்றார்கள். பிக் பாஸ் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க்குழுவே சிரித்தது. சிரிக்கட்டும்! அந்த வீட்டுக்கும் நம் சிவகங்கைத் தொகுதிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. நாம்தான் மறந்துவிட்டோம்.

2017-ல் தமிழ் பிக் பாஸின் முதல் சீசனை நடத்தியவர் கமல்ஹாசன். 2018 பிப்ரவரி 21-ல் மதுரையில் மக்கள் நீதி மய்யம் என்று கட்சி தொடங்கினார். கட்சித் தலைவரான பிறகும் அந்த நிகழ்ச்சியை விடவில்லை. ஏழு சீசன் நடத்திவிட்டு 2024-ல்தான் விலகினார். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சி நம் சிவகங்கையில் நிறுத்திய வேட்பாளர் யார் தெரியுமா? அதே முதல் சீசனில் இரண்டாம் இடம் பிடித்த கவிஞர் சினேகன்!

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்க அம்மா கோயில் வாசலில் அருகம்புல் மாலை விற்பவர். கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான் படிப்பு. ஆனால் அந்த சீசனை ஒரு நாள் விடாமல் பார்த்தவர். ஓட்டுப் போட்டுவிட்டு விரலில் மையோடு வந்தவரிடம், "சினேகனுக்குத்தானேம்மா போட்டீங்க?" என்றேன்.

"போடா... அந்தத் தம்பி நல்ல புள்ளதான். அதுக்காக?"

முடிவு வந்தது. கார்த்தி சிதம்பரம் ஐந்தரை லட்சத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். சினேகனுக்கு 22 ஆயிரத்துச் சொச்சம். நூறு நாள் வீட்டுக்குள் வந்து பழகின முகத்துக்கு நம் ஜனம் கொடுத்த கணக்கு அது!

இதை வைத்து நான் ரொம்ப நாள் ஒரு தைரியத்தில் இருந்தேன். டி.வி. வேறு, ஓட்டு வேறு, ஜனங்களுக்குத் தெரியும் என்று. 2020 டிசம்பரில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, பிக் பாஸ் பார்த்தால் குடும்பம் கெட்டுவிடும் என்கிற மாதிரி பேசினார். எங்க வீட்டில் ரிமோட் சண்டை தவிர வேறொன்றும் கெடவில்லை! 2021-ல் கமலும் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றார். (2025-ல் தி.மு.க. ஆதரவோடு மாநிலங்களவைக்குப் போனது வேறு கதை. 2019 பிரச்சார விளம்பரத்தில் டி.வி. மேல் ரிமோட்டை எறிந்து உடைத்தவரும் இவரேதான். சனி, ஞாயிறு வருமானம் எந்தப் பெட்டியிலிருந்து வந்ததோ!)

சினிமாக்காரர் அரசியலுக்கு வருவது நமக்குப் புதுசா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் ஒரு வித்தியாசம். எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாக்காரராக வந்தால் அது வேஷம் என்று பாட்டிக்கும் தெரியும். இந்த நிகழ்ச்சியிலோ சொந்தப் பேரிலேயே வருகிறார்கள். வேஷமே 'நான்'தான்! எங்கே நடிப்பு, எங்கே நிஜம் என்று கோடு போட ஆளில்லை.

2022-23 சீசனில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் செய்தித் தொடர்பாளராக இருந்த விக்ரமன் கலந்துகொண்டார். கடைசிக் கட்டத்தில் அவருக்கு வாக்களியுங்கள் என்று தொல். திருமாவளவனே கேட்டுக்கொண்டார். "ஒரு கட்சித் தலைவர் இதுக்கெல்லாமா ஓட்டுக் கேட்பது?" என்று பெரிய சத்தம். அசீம் ஜெயித்தார், விக்ரமன் இரண்டாம் இடம். சத்தம் போட்டவர்கள் கட்சியில் நான் சேரமாட்டேன். அந்தக் கட்சிப் பேரைச் சொன்னாலே முகம் சுளிக்கிற வீடுகளில்கூட அந்தக் கட்சிக்காரர் பேச்சை மூன்று மாதம் உட்கார்ந்து கேட்டார்கள். என் கண்ணால் பார்த்தேன். மேடை போட்டு மைக் கட்டினால் நடக்கிற காரியமா?

ஆனால் கேட்டவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? "பொறுமைசாலிப்பா", "இல்லடா, ரொம்ப நடிக்கிறான்" — இவ்வளவுதான். அவர் கட்சி என்ன கேட்கிறது, எதற்காக இருக்கிறது என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. கட்சிக்காரர் உள்ளே போனார், கட்சி வாசலிலேயே நின்றுவிட்டது! எனக்கு உறுத்துவது இதுதான்.

வார இறுதியைப் பாருங்கள். தலைவர் கேள்வி கேட்பார், மற்றவர்கள் எழுந்து நின்று பதில் சொல்வார்கள். அவரைத் திருப்பிக் கேட்க முடியாது. அதே கமல்தான் ஊர் ஊராகக் கிராம சபைக்குப் போங்கள் என்று சொன்னவர். அதற்கு அவரைப் பாராட்டுகிறேன். அதைக் கேட்டோ என்னவோ, எங்க அப்பாவும் ஒரு ஆகஸ்டு 15-ல் கிராம சபையில் எழுந்து தெருவிளக்கு பற்றிக் கேட்டார். கொத்தனார் வேலை பார்க்கிறவர், கை நடுங்கியது. பதில் மழுப்பலாகத்தான் வந்தது. இருந்தாலும் அங்கே நின்றது பதில் சொல்ல வேண்டியவர், உட்கார்ந்திருந்தது ஜனம்.

வெளிநாட்டிலும் இதே கூத்துதான். இங்கிலாந்தில் ஜார்ஜ் காலோவே என்ற எம்.பி. 2006-ல் இப்படி ஒரு வீட்டுக்குள் போய்ப் பூனை மாதிரி பால் குடித்துக் காட்டினார். நைஜல் ஃபராஜ் 2023-ல் காட்டுக்குள் நடக்கும் நிகழ்ச்சியில் மூன்றாம் இடம் வாங்கினார், 2024-ல் எம்.பி. ஆனார். டி.வி.யால்தான் ஆனார் என்று சொல்லமாட்டேன்.

அவர்களை விடுங்கள், நம் கதைக்கு வருவோம்! போன வருஷம் மாணவர் மன்றத் தேர்தலில் நாம் யாருக்குப் போட்டோம்? ஹாஸ்டல் டே அன்றைக்கு மிமிக்ரி பண்ணி வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவருக்கு. நானும்தான் போட்டேன். நல்ல அண்ணன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வொர்க்‌ஷாப் முடிவது 4.40-க்கு, எங்க ஊர்ப் பக்கம் போகிற பஸ் 4.30-க்கே கிளம்பிவிடுகிறது. அடுத்த பஸ்ஸில் வீடு சேர இருட்டிவிடும். எங்கள் வகுப்பில் மட்டும் பதினோரு பேர் இப்படி. ஓட்டுக் கேட்டு வந்த அண்ணனிடம் இதை ஒருத்தராவது கேட்டோமா? "அண்ணே, ரஜினி வாய்ஸ் ஒண்ணு" என்றுதான் கேட்டோம். அவரும் பேசிக் காட்டினார்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா மாலை கட்டிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார். என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷ வேட்பாளர்கள் அடுத்த வாரம் வகுப்புக்கு வருகிறார்களாம். என் கேள்வியை நோட்டுக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பஸ் இன்னும் 4.30-க்குத்தான் போகிறது.