எலும்பில் இருக்கிறது, ரத்தத்தில் இல்லை

போன வருஷம் தை மாதம் பெரியம்மா வீட்டுச் செவலை நான்காவது ஈத்துக்குக் கன்று போட்டது. கிடாரிக் கன்று. சாயங்காலம் சீம்பாலை ஒட்டக் கறந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தனுப்பினார் பெரியம்மா. விடிகாலையில் கொட்டகைக்குப் போனால் மாடு படுத்துக் கிடக்கிறது. தட்டி எழுப்பியும் எழவில்லை. கழுத்தை வளைத்துத் தலையை விலாவோடு சாய்த்துக்கொண்டிருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. காதைத் தொட்டுப் பார்த்தேன். பனியில் கிடந்த இரும்பு மாதிரி சில்லென்றிருந்தது.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்த மாத்திரத்தில் “பால் காய்ச்சல்” என்றார்.

“ஏனுங்க டாக்டர், காய்ச்சல்ங்கறீங்க, உடம்பு இப்படி ஜில்லுனு கெடக்குதுங்களே?”

“பேருதானுங்கம்மா காய்ச்சல். ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து எறங்கிப் போச்சு.”

கால்சியம் பாட்டிலை வெந்நீர்க் குண்டாவில் வைத்து வெதுவெதுப்பாக்கி, கழுத்து நரம்பில் ஊசி குத்தினார். என்னைப் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தவர் கடைசிச் சொட்டு வரை எடுக்கவில்லை. வேகமாக இறங்கினால் இதயம் நின்றுவிடுமாம். பாதி பாட்டில் போனதும் தொடைச் சதை வெடவெடவென்று நடுங்கியது. ஓர் ஏப்பம் விட்டது. சாணி போட்டது. பாட்டில் முடிந்து கொஞ்ச நேரத்தில் பின்னங்காலை ஊன்றி எழுந்து கன்றைப் பார்த்துக் கத்தியது. பெரியம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

450 மில்லி பாட்டில். அதற்குள் இருந்த கால்சியம் எட்டு, ஒன்பது கிராம்தான். செத்துக்கொண்டிருந்த 400 கிலோ மாட்டை எழுப்பி நிறுத்த அது போதுமாக இருந்தது.

இந்தக் கணக்கு அன்றிலிருந்து என்னை விடவில்லை. அந்த மாட்டின் எலும்புக்கூட்டில் ஐந்து கிலோவுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவதோ ஏறக்குறைய இரண்டு கிராம். அந்த இரண்டு கிராமை நம்பித்தான் சதை சுருங்குகிறது, குடல் அசைகிறது, இதயம் துடிக்கிறது. ஒரு லிட்டர் சீம்பாலில் மட்டும் இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது. கன்று போட்ட அன்றைக்குப் பத்து லிட்டர் கறந்தால், ரத்தத்தில் உள்ள மொத்தத்தைப் போலப் பத்து மடங்கு மடி வழியாக வெளியேறிவிடும். அத்தனையும் எங்கிருந்தாவது வந்து சேர்ந்தாக வேண்டும்.

வர வழி இருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் ஒரு துளி இறங்கினாலும் கழுத்தில் தைராய்டை ஒட்டி இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளுக்குத் தெரிந்துவிடும். அவை சுரக்கும் ஹார்மோன் முதலில் சிறுநீரகத்துக்குப் போய், மூத்திரத்தில் கால்சியம் போகாமல் தடுக்கிறது. அதில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அடுத்து எலும்பைக் கரைக்கச் சொல்கிறது. கூடவே, சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யை வேலைசெய்யும் வடிவத்துக்கு மாற்றவைக்கிறது. அந்த வைட்டமின் சிறுகுடலுக்குப் போய், தீவனத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்து அக்கரை சேர்க்கும் புரதங்களை உண்டாக்குகிறது. நம் ஊர்ப் பரிசல்காரர் மாதிரி அந்தப் புரதங்கள்.

ஆனால் பரிசல் கட்ட நேரமாகும். குடல் முழுதாகத் தயாராக ஒரு நாளுக்கு மேல் ஆகும்; எலும்பு இன்னும் தாமதம். வயது ஏற ஏற இரண்டும் மந்தமாகும். அதனால்தான் தலையீத்துக் கிடாரிகள் இந்த நோயில் விழுவது அபூர்வம். மூன்றாம் ஈத்து தாண்டிய கறவைகள்தான் விழுகின்றன. ஜெர்சி ரத்தத்துக்கு ஆபத்து இன்னும் கூடுதல். தமிழ்நாட்டுச் சமவெளிக் கொட்டகைகளில் நிற்பதில் பெரும்பாலானவை ஜெர்சிக் கலப்புதான்.

அன்று பெரியம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். “ஒரு மாசமா கால்சியம் டானிக் ஊத்திட்டுத்தானுங்க வர்றேன். அப்பறம் எப்படிங்க கொறையும்?”

“அதனாலதானுங்கம்மா” என்றார் மருத்துவர்.

பெரியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. சினைமாடு என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர் அவர். கடையில் சொன்னதை நம்பி டானிக் வாங்கினார். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டுக் குதிரைமசால் அறுத்து வந்து போட்டார். இப்படி இரண்டு வழியிலும் கால்சியம் தாராளமாக வந்துகொண்டிருந்தால் அது குடலில் தானாகவே கசிந்து உள்ளே போய்விடும், பரிசலுக்கு வேலையில்லை. பாராதைராய்டு ஓய்ந்துவிடும். அந்த ஓய்வில் இருக்கும்போது கன்று விழுகிறது, மடி இறங்குகிறது. கன்று போடுவதற்கு முந்தைய வாரங்களில் கால்சியத்தைக் குறைத்தால் நோய் வராது என்று போடா, கோல் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1954-லேயே காட்டிவிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அது நம் கொட்டகைகளுக்கு வந்து சேராதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

குதிரைமசாலில் இன்னொரு சங்கடம், பொட்டாசியம். அது ரத்தத்தைக் காரத்தன்மைக்குத் தள்ளும். அப்போது பாராதைராய்டு ஹார்மோன் போய்த் தட்டினாலும் எலும்பும் சிறுநீரகமும் சரியாகக் கதவு திறப்பதில்லை. இதற்கு மாறாக, நார்வேயில் அமிலம் சேர்த்துப் பதப்படுத்திய தீவனம் தின்ற மாடுகள் இந்த நோயிலிருந்து தப்புவதை 1970களின் தொடக்கத்தில் எழுதி வைத்தார்கள். பொட்டாசியம் மக்னீசியத்தையும் கெடுக்கும். மக்னீசியம் உள்ளே போவது முதல் இரைப்பையின் சுவர் வழியாக. அந்தச் சுவரில் பொட்டாசியம் குறுக்கே நிற்கிறது. கால்சியம் மாதிரி அவசரத்துக்கு எடுக்க மக்னீசியத்துக்குச் சேமிப்பும் கிடையாது, அன்றன்றைக்குத் தின்றுதான் ஆக வேண்டும். அது குறைந்தாலோ பாராதைராய்டே மங்கும்.

மாட்டுக்கு வேண்டிய இன்னொரு தாதுவான பாஸ்பரஸுக்கு வழி வேறு. ரத்தத்திலிருந்து எச்சிலுக்கு வந்து, அசைபோடும்போது விழுங்கப்பட்டு, இரைப்பை நுண்ணுயிர்களுக்கு உரமாகி, மறுபடி குடலில் ஏறிக்கொள்கிறது. மத்தியானம் மாடு கண்ணை மூடி அசைபோடும்போது உள்ளே இந்தச் சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது.

பால் காய்ச்சலுக்கு மருந்து கண்ட கதையும் விசேஷமானது. டென்மார்க்கில் கோல்டிங் ஊர்க் கால்நடை மருத்துவர் ஷ்மிட், நோய்க்குக் காரணமான நஞ்சு மடியில்தான் ஊறுகிறது என்று நம்பி 1897-இல் பொட்டாசியம் அயோடைடு கரைசலை மடிக்குள் ஏற்றினார். மாடுகள் பிழைத்தன. பிறகு பார்த்தால், வெறும் காற்றை அடித்தாலே போதுமாக இருந்தது! மடி காற்றால் விம்மியதும் பால் ஊறுவது நின்றது, கால்சியம் போவதும் நின்றது. காரணம் தெரியாமலே எத்தனையோ மாடுகளை அந்தக் காற்று காப்பாற்றியது. 1925-இல்தான் எடின்பரோவில் டிரையர், கிரெய்க் என்ற ஆராய்ச்சியாளர்கள், குறைவது கால்சியம் என்று சொன்னார்கள்.

செவலைக்கு இப்போது ஒன்பதாம் மாதம். ஒருமுறை விழுந்த மாடு மறுபடி விழக்கூடும். அதனால் போன வாரமே மருத்துவரிடம் கேட்டுவந்தேன். குதிரைமசால் நிறுத்தியாயிற்று, வைக்கோல், சோளத்தட்டு, அளவாகத் தவிடு. கால்சியம் டானிக் கன்று விழுந்த பிறகுதான். முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறப்பதில்லை.

நேற்று ராத்திரி பெரியம்மா போன் பண்ணினார்.

“கண்ணு, டானிக் பாட்டில அட்டாலில ஏத்தி வெச்சுட்டேன். மாட்டப் பாத்தா பாவமா இருக்குது. ஒரு மூடி மட்டும் குடுக்கட்டுமா?”

“வேண்டாம் பெரியம்மா. கன்னு விழட்டும்.”

“செரி, காத மட்டும் தொட்டுப் பாத்துக்கறேன்” என்றார்.