ஊமையாய் மாளும் கருவகம்

தொடங்கிய நொடியிலேயே நின்றுபோகும் கணிப்பொறியின் முன் அமர்ந்தோர் அத் துன்பத்தை அறிவர். திரை இருண்டு கிடக்கும். பிழை யாதென ஒரு சொல்லும் வாராது. இயங்குதளத்தின் உயிராகிய கருவகம் பேச வாயின்றி மாள்வதில்லை. வாய்க்குச் செல்லும் வழியின்றியே மாள்கிறது.

அஃது எங்ஙனம்? ஆர்ம் வகைப் பொறிகளில், எழுத்தெழுத்தாய்ச் செய்தி அனுப்பும் தொடர்வாயில் நினைவகத்தின் ஓர் இடம்போலவே முகவரி பெற்றிருக்கும். அம் முகவரியில் ஓர் எழுத்தை இட்டால் அது வெளியே செல்லும். ஆனால், நினைவக மேலாண்மை தொடங்கியதும் கருவகம் புனைமுகவரிகளையே கையாளும். வாயிலின் மெய்ம்முகவரியை ஒரு புனைமுகவரியோடு பக்கப் பட்டியலில் பிணைத்தாலன்றி அதனை எட்டவியலாது. வழக்கமாகப் பிணைக்கும் செயற்கூறோ, நினைவகம் பங்கிடும் பகுதி எழுந்த பின்னரே இயங்கும். நீந்தக் கற்ற பின்பே நீரில் இறங்கு என்பது போன்றது இது!

லினக்சு கருவகம் இம் முடிச்சை எளிதாய் அவிழ்த்தது. கருவகத்தைக் கட்டும்போதே சில புனைமுகவரிகளை ஒதுக்கிவைத்து, அவற்றுள் ஒரு பக்கத்தைத் தொடக்க முனையத்திற்கென்றே விட்டது. பெரும்பாலும் 4096 எண்மிகளே அதன் அளவு. அப் பக்கம் கருவிக்குரியது எனக் குறிக்கப்படுவதால், இட்ட எழுத்து இடைச்சேமிப்பில் தங்காது வாயிலை அடையும். முழு முனையம் எழுந்ததும் தொடக்க முனையம் விலகிக்கொள்ளும்.

32 இருமி ஆர்ம் பொறிகளில் முன்னர் வாயிலின் முகவரியைக் கருவகத்திற்குள்ளேயே பொறித்தனர். ஒரு பலகைக்குக் கட்டியது மற்றொன்றில் பேசாது. 2014-இல் வந்த 3.16-ஆம் பதிப்பின் பொதுத் தொடக்க முனையம், முகவரியைத் தொடக்கக் கட்டளை வரியில் தர வழிசெய்தது. இன்று பலகையின் கருவி மரமே வாயில் இன்னதெனச் சொல்லவும் கூடும்.

செய்திகள் நினைவகப் பதிவில் இருக்குமே, பின்னர்ப் படிக்கலாகாதா என்பர் சிலர். பொறி பிழைத்தெழுந்தாலன்றோ பின்னர் என்பது உண்டு! எழுத்தெழுத்தாய் அனுப்புவதால் தொடக்கம் தாழ்க்கும் என்பதும், வாயிலைக் கைக்கொண்டோர் உட்செய்தியைக் காண்பர் என்பதும் மெய்யே. எனினும், கட்டளை வரியில் கேட்டாலன்றி அம் முனையம் திறவாது. வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடுவதே அறிவுடைமை. வாயிலையே அடைத்துவிடுவது அன்று.

ஆகலின், பலகை செய்வோர் மூன்று கடமைகளை ஏற்றல் வேண்டும்: தொடர்வாயிலின் முனைகளைக் கைக்கு எட்டுமாறு வைத்தல், அதன் முகவரியை வெளிப்படையாய் அறிவித்தல், கருவி மரத்தில் பிழையின்றி எழுதுதல். கருவகம் ஆயத்தமாகவே உள்ளது. முகவரியை மறைப்போரே அதனை ஊமையாக்குகின்றனர். விலைகொடுத்து வாங்கிய பொறி எதனால் மாண்டது என்று அறிதல் உடையவனின் உரிமை. ஒரு பக்க அளவே வேண்டும் அவ் வுரிமையை மறுக்க எவர்க்கும் ஞாயமில்லை.